சாக்பீஸை ஒடித்து எழுதச் சொன்ன சிறுவன்

தண்டையார்பேட்டையில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஆண்டில், கரும்பலகையில் கூட்டல் கணக்கை எழுதத் தொடங்கியதும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, தோள்களைக் காதுவரை உயர்த்தி, பல்லைக் கடித்தபடி மேசைமீது குனிந்துவிடும் சிறுவன் ஒருவன் முன்வரிசையில் இருந்தான். அவன் அப்பா காசிமேட்டில் மீன் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். விடுமுறை நாள்களில் இவனும் கூடப் போய், என்னால் விரல் நுனியால்கூடத் தொட முடியாத வழவழப்பான மீன்களை இரண்டு கைகளாலும் அள்ளிக் கூடையில் போடுவான். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு சாக்பீஸ் சத்தத்துக்கு இப்படி ஒடுங்குவதை நான் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிற்கவும் வைத்தேன். மூன்றாம் நாள் இடைவேளையில் அவனே அருகில் வந்து, "டீச்சர், அத்த ரெண்டா ஒடச்சிட்டு எழுதுங்க டீச்சர், கத்தாது" என்றான்.

ஒடித்து எழுதினேன். கத்தவில்லை. பத்தாண்டுக்கு மேல் சாக்பீஸ் பிடித்த கை எனக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததற்குக் காரணம் எளியது: அந்தச் சத்தத்தில் அவதிப்பட்டவன் அவன்தான், அது எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று அவன் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

பின்னால் விவரம் தேடிப் படித்தபோது, அவன் கண்டுபிடித்ததன் உள்விவகாரம் புரிந்தது. புதிய நீளமான சாக்பீஸைப் பின்பக்கமாகப் பிடித்துப் பலகைக்கு நேர்க்குத்தாக வைத்து இழுக்கும்போது, அதன் நுனி பலகையில் ஒரு கணம் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த கணம் விடுபட்டு வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. நொடிக்குப் பல நூறு, ஆயிரம் முறை நடக்கும் இந்த ஒட்டலும் நழுவலுந்தான் சாக்பீஸை அதிரவைத்துக் கீச்சிட வைக்கிறது. துண்டு குட்டையாகவும் விரல் நுனிக்கு அருகிலும் இருந்தால் அப்படி அதிர இடமில்லை. அதோடு, சாக்பீஸைச் சாய்த்துப் பிடித்து, கை போகும் திசைக்குப் பின்னால் அது இழுபட்டு வருமாறு எழுதினால் சத்தம் பெரும்பாலும் வராது.

இந்த உணர்வுக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது. "பல் கூசுது" என்கிறோம். புளித்த மாங்காய்க்கும் பல் கூசுகிறது, சாக்பீஸுக்கும் பல் கூசுகிறது. வெயிலுக்குக் கண் கூசுகிறது, விலாவில் விரல் பட்டால் உடம்பு கூசுகிறது, தகாத சொல்லைச் சொல்ல நாக் கூசுகிறது, புதியவர் முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. இவை எல்லாமே ஏதோ ஒன்று அளவுக்கு மீறி நெருங்கி வரும்போது உடல் தன்னை உள்ளே இழுத்துக்கொள்வதைக் குறிப்பவை என்பது என் எண்ணம். அருவருப்பு வேறு, பயம் வேறு, கூச்சம் வேறு. என் மாணவனுக்கு மீனில் அருவருப்பு இல்லை. சாக்பீஸில் கூச்சம் இருந்தது. எனக்கு நேர்மாறு. இதில் யார் தைரியசாலி, யார் செல்லம் கொடுத்து வளர்ந்தவர் என்ற கேள்விக்கே இடமில்லை என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

எனக்குச் சாக்பீஸ் உறைக்காமல் போனதற்கு என் வளர்ப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் வேலை பார்த்தார். சீர்வரிசைக்கு எடுத்த எவர்சில்வர் குடத்திலும் தாம்பாளத்திலும் பெயரும் தேதியும் பொறிக்கிற அந்த மின்கருவி, குர்ர்ரென்று தொடங்கி உலோகத்தைத் தொட்டதும் சீறும். வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன்.

அப்பாவிடம் சில பழக்கங்கள் இருந்தன. பாத்திரத்தின் அடியில் நனைத்து மடித்த சாக்குத்துணியை வைப்பார். இடது உள்ளங்கையைப் பாத்திரத்தின் வயிற்றில் அழுத்தமாகப் பதித்துக்கொள்வார். பாத்திரம் அதிர்ந்து ஊரைக் கூட்டாமல் இருக்க அந்த இரண்டும் போதும். இன்னொன்று, கருவியை இயக்குமுன் பாத்திரத்தை விரல் கணுவால் இரண்டு முறை தட்டுவார். சத்தம் வரப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்களிடம், "கண்ண மூடிக்காதம்மா, பாத்துக்கினே இரு, ஒண்ணும் தெரியாது" என்பார். அதில் உண்மை இருந்தது. எப்போது வரும் என்று தெரியாத சத்தந்தான் முதுகுத்தண்டில் ஏறுகிறது.

சத்தத்தின் உரப்புக்கும் கூச்சத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதை அறிய வடசென்னையில் இரவு பத்து மணிக்கு ஒரு தள்ளுவண்டிக் கடை முன் நின்றாலே போதும். கொத்துப் பரோட்டா போடும்போது இரண்டு இரும்புத் தகடுகள் தோசைக்கல்லில் விழும் சத்தம் அடுத்த தெருவரை கேட்கும். அதைக் கேட்டு யாரும் காதைப் பொத்துவதில்லை, பசிதான் எடுக்கிறது. வியாபாரம் முடிந்ததும் அதே ஆள், அதே தகட்டால், அதே கல்லில் ஒட்டிய தீய்ச்சலைச் சுரண்டுவார். முன்னதைவிட அது மெல்லிய சத்தந்தான். நின்றுகொண்டிருப்பவர்களில் இரண்டு பேராவது நகர்ந்துவிடுவார்கள். தட்டுவதும் கொத்துவதும் தாளம். சுரண்டுவதும் உரசுவதுமே கூச்சம்.

கேட்பது இன்னதென்று தெரிவதற்கும் இதில் பங்கு உண்டு. ராயபுரத்தில் நாங்கள் குடிபோன புதிதில், விடியற்காலையில் பின்சுவருக்கு அப்பால் கீச்கீச்சென்று ஒரு குரல் கேட்கும். யாரோ கிளி வளர்க்கிறார்கள் என்று எண்ணி, சில வாரங்கள் அதை ஒருவித விருப்பத்துடன்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் துணி உலர்த்த மாடிக்குப் போனபோது பார்த்தால், டிபன் கடைக்காரர் ஒருவர் இட்லித் தட்டைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அதே சத்தத்துக்குக் கைமயிர் சிலிர்த்தது. 2011இல் மைக்கேல் ஓலர், கிறிஸ்டோஃப் ராய்ட்டர் என்னும் இரு இசையியலாளர்கள் இதைச் சோதனையாகவே செய்திருக்கிறார்கள். பலகையைக் கீறும் ஓசையை, ஒரு குழுவுக்கு அது என்னவென்று உண்மையைச் சொல்லியும், இன்னொரு குழுவுக்கு நவீன இசையின் பகுதி என்று சொல்லியும் கேட்கவைத்தார்கள். இசை என்று நம்பியவர்கள் அதைக் குறைவாகவே வெறுத்தார்கள். ஆனால் உடல் பதறுவதைக் காட்டிக்கொடுக்கும் தோலின் மின்கடத்துதிறன், மற்றவர்களுக்கு மாறியதைப் போலவே அவர்களுக்கும் மாறியது. மனம் ஏமாந்தது, தோல் ஏமாறவில்லை. எனக்குக் கிளி என்று நினைத்திருந்த நாள்களிலும் தோல் உள்ளுக்குள் சிலிர்த்திருக்குமோ என்னவோ.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வது நம் வீடுகளின் முதல் வைத்தியம். அந்த மாணவனின் பாட்டியும் வைத்து அனுப்பினார், பயன் இல்லை. காதில் அடைத்த பஞ்சு பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைத்தான் கொஞ்சம் மழுக்குகிறது. கூச்சமோ அங்கே மட்டும் குடியிருப்பதில்லை. 1986இல் ஹால்பெர்ன், பிளேக், ஹில்லன்பிராண்ட் என்னும் மூவர், மூன்று பல் கொண்ட தோட்டக் கருவியால் கற்பலகையைக் கீறிப் பதிவுசெய்து, அதிலிருந்து மிக உயர்ந்த அதிர்வெண்களை வடிகட்டிக் கேட்கவைத்தார்கள். கேட்டவர்களுக்கு வெறுப்பு குறையவில்லை. நடுத்தர அதிர்வெண்களை நீக்கியபோதுதான் குறைந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2006இல், சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு இதற்குக் கிடைத்தது. பல் கூசியவர்களுக்கு இதில் சிரிப்பு வருமா என்று தெரியவில்லை.

பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 2012இல் வெளியான ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. 13 பேரை மூளையை ஸ்கேன் செய்யும் கருவிக்குள் படுக்கவைத்து 74 ஒலிகளைக் கேட்கவைத்ததில், கண்ணாடிப் புட்டியைக் கத்தியால் கீறும் ஓசை மிக மோசமானதாக வந்தது. 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளே அதிகம் வெறுக்கப்பட்டன. நம் செவித்துளை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். அதன் வடிவமே 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கிறது. கைக்குழந்தையின் வீறிடலுக்கு வலு சேர்ப்பதும் அந்தப் பகுதிதான். அந்தக் கத்தியையும் புட்டியையும் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் வீட்டு ஊறுகாய்தான். காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்த மாங்காய்த் தொக்கின் கடைசிக் கரண்டியை, அம்மா எவர்சில்வர் கரண்டியால் அடிவரை விட்டு வழித்தெடுப்பார். அந்த நேரத்தில் என் தம்பி சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். தொக்கு வீணாகக் கூடாது என்பது அம்மாவின் நியாயம். ஒரு கொட்டாங்கச்சிக் கரண்டி வந்தபின் இருவர் நியாயமும் காப்பாற்றப்பட்டது.

ஓசையிலிருந்து தொடு உணர்வுக்கு வந்தால், எனக்குத் தெரிந்த பொதுக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: உலர்ந்த பொருள் உலர்ந்த பொருளோடு உரசுவது. ஐஸ்கிரீமோடு வரும் தட்டையான மரக்கரண்டி பல்லில் படுவதை நினைத்தாலே சிலருக்கு உடம்பு சுருங்கும். கரண்டியை முதலில் நாக்கில் நனைத்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும். சிலேட்டுக் காலத்தில் பலப்பத்தை வாயில் வைத்துச் சப்பிய பிள்ளைகளை நாங்கள் அடித்துத் திருத்தினோம். எச்சில் பட்ட பலப்பம் கீச்சிடாது என்பதும் அவர்கள் கணக்கில் இருந்திருக்கலாம். வேலியில் படர்ந்த கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைப்பதும் அழுக்குப் போவதற்கு மட்டுமாக இருந்திராது. எனக்கென்று உள்ள கூச்சம், ஆறு பாடவேளை சாக்பீஸ் பிடித்து வெடித்துப்போன விரல் நுனி சிந்தடிக் சேலையின் இழையில் மாட்டுவது. அதற்கு மருந்து, மணி அடித்ததும் கைகழுவி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரல்களில் தேய்த்துக்கொள்வது. கைப்பையில் ஒரு சிறு டப்பா பல ஆண்டுகளாக என்னோடு வருகிறது.

தெர்மாகோல் தனி ரகம். காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் பெட்டிகளின் மூடியை அழுத்தும்போது எழும் அந்த முறுகல் ஓசை, பெயர் வெட்டும் கருவிக்குப் பக்கத்தில் வளர்ந்த என்னையே நாலடி பின்வாங்கச் செய்யும். அங்கே ஈரம் இருப்பதால் கொஞ்சம் தேவலை. வீட்டில் புது மிக்ஸியோ டிவியோ வந்தால்தான் சோதனை. அட்டைப்பெட்டியிலிருந்து தெர்மாகோலை மேலே இழுக்காதீர்கள். பெட்டியின் நான்கு மூலைகளையும் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீறிவிட்டால் அட்டை நாலாபக்கமும் பூப்போல விரிந்து விழுந்துவிடும், தெர்மாகோலைப் பிறகு துணியால் பிடித்துத் தூக்கிவிடலாம். கையிருப்பில் வைக்க வேண்டியிருந்தால் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். ஒன்றோடொன்று உரசாமல் இருப்பதுதான் முக்கியம்.

வாயில் மண் நெறிபடுவதும் இந்த வகைதான். கீரையைக் கழுவும்போது தண்ணீரைக் கவிழ்த்து வடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அடியில் தங்கிய மண் மறுபடி கீரைமீதே விழுகிறது. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் அலசி, சற்றுநேரம் விட்டு, கீரையை மேலாக அள்ளி எடுத்துவிட்டு, மண் தங்கிய தண்ணீரை அப்படியே கொட்ட வேண்டும். அடியில் மண் தட்டுப்படாத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மீனின் வழவழப்புக்குக் கல் உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவது எல்லாருக்கும் தெரிந்தது. அது கூச்சத்தைவிட அருவருப்பைச் சேர்ந்த விஷயம் என்பதால் அதிகம் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எனக்கில்லை.

வீட்டுச் சாமான்களில் நான் செய்து பயன் கண்டவை சில. இரும்புக் கட்டில், ஸ்டூல், நாற்காலி ஆகியவற்றின் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிச் செருகினால், தரையில் இழுபடும் ஓலம் நின்றுவிடும். சைக்கிள் கடையில் கேட்டால் கிழிந்த டியூபைச் சும்மாவே கொடுப்பார்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை உலர்ந்த பாத்திரத்தில் வைக்கக் கூடாது. முதலில் நனைத்து, சோப்பைத் தடவி, பிறகு தேய்க்க வேண்டும். எங்கள் பக்கம் கடற்காற்றில் கீல்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது நாலு நாளைக்கு நல்லது. பிறகு தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசினாகிவிடும். துருவைத் தேய்த்துத் துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் நெடுநாள் தாங்கும். மர இழுப்பறைகளுக்கு எண்ணெய் வேண்டாம்; ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் போதும்.

தடுக்க முடியாத சத்தங்களுக்கு அப்பாவின் வழிதான். தன் விரலால் தன் விலாவில் யாரும் கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. கை எங்கே போகிறது என்பது மூளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சத்தத்திலும் இதுபோல் ஏதோ நடப்பதாக வகுப்பில் பார்த்தேன். அந்தச் சிறுவனையே பலகைக்கு வரவழைத்துத் தேதியை எழுதச் சொன்னேன். முதல் நாள் பயந்துகொண்டே எழுதினான். இரண்டு எழுத்து கீச்சிட்டபோது தோள் உயர்ந்தது, ஆனால் காதைப் பொத்தவில்லை. ஒரு மாதத்தில் அவன் என்னைவிட நன்றாகச் சாய்த்துப் பிடித்தான். பலகையில் கோடு போடுவதற்குமுன் நான் விரல் கணுவால் இரண்டு முறை தட்டுவதை வழக்கமாக்கினேன். கூசுகிறவர்கள் அதற்குள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒருவனுக்காகத் தொடங்கியது, ஐந்தாறு பேர் பொத்திக்கொண்டார்கள். அத்தனை நாள் அவர்கள் சொல்லவில்லை, நான் வெளியே நிற்கவைத்துவிடுவேன் என்று.

எல்லாக் கூச்சமும் எண்ணெயிலும் டியூபிலும் அடங்குவதல்ல. என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு, அடுத்தவர் மென்று சாப்பிடும் சத்தம் கேட்டால் பல் கூசுவதில்லை. கோபம் தலைக்கேறும், கண் கலங்கும். பல ஆண்டுகள் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். இதற்கு மிசோபோனியா என்று 2001இல் செவித்திறன் ஆய்வாளர்களான ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதி பெயரிட்டனர். குறிப்பிட்ட சில ஒலிகளைத் தாங்கும் திறன் குறைந்திருக்கும் நிலை அது. அவள் வீட்டில் இப்போது சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறியும் வானொலியும் ஓடுகின்றன. எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருகிறார்கள். நாள் முழுவதும் காதடைப்பான் போட்டிருந்தால் காது இன்னும் கூர்மையாகித் தொல்லை கூடும் என்று மருத்துவர் சொன்னதால், அதைக் கல்யாண மண்டபங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறாள். எல்லாச் சத்தமுமே திடீரென்று வலிக்கத் தொடங்கினாலோ, காதில் இரைச்சலோ கேட்கும் திறனில் குறைவோ தெரிந்தாலோ, வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். சத்தம், துணியின் உரசல், உணவின் பதம் என்று பலவற்றுக்கும் சேர்த்துக் கூசுகிற குழந்தைகள் சிலருக்கு ஆட்டிசம் இருக்கலாம். அவர்களைக் குழந்தைநல மருத்துவர் பார்க்க வேண்டும். அடித்துப் பழக்குவதற்கான விஷயம் அல்ல அது.

இவ்வளவும் கற்றுக்கொண்ட உற்சாகத்தில், எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் இரண்டு கீல்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை துரு தேய்த்து எண்ணெய் விட்டேன். தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தது, வெண்ணெய்போல் திறந்தது. மூன்றாம் நாள் அம்மா கடுகடுவென்று இருந்தார். பால்காரர் வந்து போனது தெரியவில்லை, பூனை உள்ளே வந்து மீனை இழுத்துப்போனது தெரியவில்லை, மின்கணக்கு எடுப்பவர் அடுப்படி வாசல்வரை வந்து நின்று கூப்பிட்டபோது தூக்கிவாரிப் போட்டுவிட்டது என்றார். "உன்னைய யாரு எண்ணெய் ஊத்தச் சொன்னது? அது கத்துனாதானே ஆள் வர்றது தெரியும்?" இப்போது மேல் கீலுக்கு மட்டும் எண்ணெய் விடுகிறேன். கீழ்க் கீல் அம்மாவுடையது.